எலும்புருவப் பேய்

எலும்புருவப் பேய் என்பது தசை வற்றி, எலும்பும் நரம்பும் மட்டும் தெரியும் வடிவில் கற்பனை செய்யப்பட்ட உயிராகும். உலகின் பல பண்பாடுகளில் இவ்வடிவம் காணப்படுகிறது. இன்றைய மாணவர்கள் இதைக் கணினி விளையாட்டுகளில், ஒரு கட்டத்தின் முடிவில் வழிமறித்து நிற்கும் தலைமைப் பகைவனாக, அதாவது 'பாஸ்' ஆக அறிவார்கள். தமிழ் இலக்கியத்திலும் சிற்பத்திலும் இவ்வடிவத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆனால் அங்கு அது வீழ்த்தப்பட வேண்டிய பகை அன்று.

விளையாட்டுகளில்

ஐரோப்பாவில் 14ஆம் நூற்றாண்டின் கொள்ளைநோய்க்குப் பிறகு, எலும்புக்கூடு சாவின் உருவமாக ஓவியங்களில் பெருகியது. 1562ஆம் ஆண்டையொட்டிப் பீட்டர் புரூகல் வரைந்த 'சாவின் வெற்றி' என்னும் ஓவியத்தில், எலும்புக்கூடுகளின் படை ஒன்று மனிதர்களை வளைத்துக் கொல்கிறது. 1963இல் வெளிவந்த 'ஜேசன் அண்ட் தி ஆர்கோனாட்ஸ்' திரைப்படத்தில் ஏழு எலும்புக்கூடுகள் வாளேந்திப் போரிட்டன. 1974இல் வெளியான 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டு இவ்வடிவத்தை அரக்கர் பட்டியலில் சேர்த்தது. பின்வந்த கணினி விளையாட்டுகள் பலவற்றுக்கு அதுவே முன்மாதிரி.

1996இல் வெளியான 'டயாப்லோ' விளையாட்டில் வரும் எலும்புக்கூட்டு அரசன் லியோரிக் இவ்வகையில் புகழ்பெற்ற பாத்திரம். நல்லாட்சி செய்த மன்னன் மனம் திரிந்து கொடியவனாகிறான். தன் படைத்தலைவனாலேயே கொல்லப்படுகிறான். பிறகு எலும்புக்கூடாய் எழுகிறான். ஆட்டக்காரர் அவனை வென்றாக வேண்டும். 2000இல் வந்த இரண்டாம் பாகத்தில் நிலை சற்று மாறியது. அதில் மந்திரவாதி ஒருவரைத் தேர்ந்தெடுப்பவர், எலும்புக்கூடுகளை எழுப்பித் தம் பக்கம் போரிடச் செய்யலாம்.

காரைக்கால் அம்மையார்

தமிழில் இவ்வடிவத்தைத் தாமே விரும்பி ஏற்றவர் காரைக்கால் அம்மையார். இவர் கி.பி. 6ஆம் நூற்றாண்டை ஒட்டியவர் என்பது பொதுவான கருத்து. வணிகர் குடியில் பிறந்த இவரது இயற்பெயர் புனிதவதி. மாங்கனி நிகழ்ச்சிக்குப் பின், கணவன் பரமதத்தன் இவரைத் தெய்வமாகக் கருதி விலகினான். கணவனுக்காகத் தாங்கிய அழகு இனி வேண்டா என்று இறைவனிடம் வேண்டி, தசையை உதறிப் பேயுருவம் பெற்றார் எனச் சேக்கிழாரின் பெரியபுராணம் கூறுகிறது.

கயிலைக்குத் தலையால் நடந்து சென்ற இவரைச் சிவபெருமான் 'அம்மையே' என்று அழைத்தார் என்பது வரலாறு. இறைவன் ஆடும்போது அவன் திருவடியின் கீழ் இருந்து பாட வேண்டும் என்பதே இவர் கேட்ட வரம். அவ்வாறே திருவாலங்காடு சென்று பாடினார். அங்குப் பாடிய பதிகத்தில் சுடுகாட்டுப் பேய்மகளின் புடைத்த நரம்பு, குழிந்த வயிறு, நீண்ட கணைக்கால் ஆகியவற்றை அருவருப்பின்றி விவரிக்கிறார். தம்மையும் 'காரைக்கால் பேய்' என்றே குறிப்பிட்டுக்கொள்கிறார்.

கலிங்கத்துப்பரணி

முதலாம் குலோத்துங்க சோழனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிங்கத்தை வென்றதைப் பாடும் நூல் இது. ஆசிரியர் செயங்கொண்டார். காளியைச் சூழ்ந்திருக்கும் பேய்களுக்கென 'பேய்களைப் பாடியது' என்னும் பகுதியே இதில் உண்டு. அவற்றின் கைகால்கள் பனைமரம் போன்றவை. உட்கார்ந்தால் முழங்கால்கள் முகத்துக்கு மேலே எழும். உடம்போ விறகைக் கட்டியதுபோல் நரம்பால் பிணித்த வெற்றெலும்பு.

இந்த மெலிவுக்குக் காரணம் பசி. 'பேய் முறைப்பாடு' என்னும் பகுதியில் அவை தம் பசித்துயரைக் காளியிடம் முறையிடுகின்றன. போர் முடிந்ததும் களத்தில் கூழ் சமைக்கின்றன. வீழ்ந்த வீரர்களின் பற்களே அரிசி, முரசு உரல், யானைக் கொம்பு உலக்கை. கூழ் பரிமாறும்போது குருட்டுப் பேய், ஊமைப் பேய், கருவுற்ற பேய் என ஒவ்வொன்றின் நிலையும் அறிந்து உணவு இடப்படுகிறது. நகைச்சுவையாகத் தோன்றும் இப்பகுதி, மன்னரின் வெற்றிக்கு மனித உடல்களே விலை என்பதையும் மறைக்காமல் காட்டிவிடுகிறது.

சிற்பங்களில்

சோழர் காலச் செப்புத் திருமேனிகளில், விலா எலும்பு தெரிய அமர்ந்து தாளமிடும் அம்மையாரைக் காணலாம். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடவல்லான் சிற்பத்தில் இவர் இடம்பெறுகிறார். கம்போடியாவில் 10ஆம் நூற்றாண்டில் எழுந்த பந்தியாய் சிரே கோயிலிலும் ஆடும் சிவனருகே மெலிந்த பெண்ணுருவம் ஒன்று உள்ளது. அதனை ஆய்வாளர்கள் அம்மையாராகவே கொள்கின்றனர்.

காலடிப்பேட்டையும் சுற்றுப்புறமும்

வடசென்னையின் காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் காலெட்டின் பெயரால் நெசவாளர்களுக்காக அமைந்த பேட்டை. 'காலெட் பேட்டை' என்பதே இவ்வாறு மருவியது. இங்குள்ள மெட்ரோ நிலையத்துக்கு அடுத்தது திருவொற்றியூர் தேரடி. அங்குள்ள தியாகராசர் கோயிலில் காளியின் வடிவமான வட்டப்பாறை அம்மன் சன்னதி இருக்கிறது. உடலின் நிலையாமையைப் பாடிய பட்டினத்தாரின் சமாதியும் திருவொற்றியூர்க் கடற்கரையை ஒட்டியே உள்ளது. அவரும் அம்மையாரைப் போல வணிகர் குடியில் பிறந்து செல்வத்தைத் துறந்தவர். அம்மையார் பாடிய திருவாலங்காட்டுக்குச் சென்னை–அரக்கோணம் இரயில் பாதையில் செல்லலாம்.

சிவன் கோயில்களில் அறுபத்து மூவர் வரிசையைப் பார்க்கும் மாணவர்கள், மற்றவர்கள் நிற்க, மெலிந்த உடலோடு அமர்ந்திருக்கும் ஒருவரை எளிதில் அடையாளம் காணலாம்.

இரு மரபுகளின் வேறுபாடு

விளையாட்டில் வரும் எலும்புக்கூடு சாவைக் குறிக்கிறது. அதனால் அதை வெல்வது வெற்றியாகிறது. பரணியின் பேய் பசியைக் குறிக்கிறது. அதற்கு உணவு இட வேண்டும். அம்மையாரின் உருவமோ துறவைக் குறிக்கிறது, அது வணங்கப்படுகிறது. அச்சமூட்டும் தோற்றம் ஒன்றாக இருப்பினும், அதன் பொருள் பண்பாட்டுக்குப் பண்பாடு மாறும் என்பதற்கு எலும்புருவப் பேய் தெளிவான சான்றாகும்.