ஞாயிற்றுக்கிழமை ஓய்வு சட்டமான வரலாறு



கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் திருவள்ளூரைச் சுற்றியுள்ள ஆலைகளிலும் உழைக்கிறவர்களின் குடும்பங்களில், ஞாயிறு காலை ஆராதனைக்கு யார் வருவார், யார் வரமாட்டார் என்பதைப் பெரும்பாலும் ஷிப்டு அட்டவணையே தீர்மானிக்கிறது. அந்த அட்டவணைக்குப் பின்னால் ஒரு சட்டம் நிற்கிறது. அது யாரால், எப்படி இயற்றப்பட்டது என்பதை இவ்வாரம் சிந்திப்போம்.

ஓய்வுநாள் கட்டளை வேதத்தில் இருமுறை தரப்பட்டிருக்கிறது. யாத்திராகமம் 20ஆம் அதிகாரம் படைப்பைக் காரணமாகச் சொல்லுகிறது. உபாகமம் 5ஆம் அதிகாரமோ எகிப்தின் அடிமைத்தனத்தை நினைவூட்டி, வேலைக்காரனும் வேலைக்காரியும் எஜமானைப்போல இளைப்பாறவேண்டும் என்கிறது. தொழிலாளியின் ஓய்வைப் பற்றிய சட்டங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த இரண்டாம் காரணமே முன்வந்து நிற்கிறது.

இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் வந்தது. அதை இயற்றிய மன்றத்தில் மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவரும் இல்லை. ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளை ஆலையில் வைக்கக்கூடாது, பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒன்பது மணி நேரத்துக்குமேல் வேலை கூடாது, அவர்களுக்கு மாதம் நான்கு நாள் விடுமுறை என்பதோடு அது ஏறக்குறைய நின்றுவிட்டது. பெரியவர்களின் வேலை நேரத்துக்கு வரம்பே இல்லை. பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே 1884இல் ஆலைத் தொழிலாளரைக் கூட்டி, ஞாயிறு ஓய்வு கேட்டு ஆயிரக்கணக்கானோரிடம் கையொப்பம் பெற்றார். 1890 ஜூன் 10 அன்று ஆலை முதலாளிகள் அதற்கு இணங்கினார்கள். மறு ஆண்டுச் சட்டம் வாராந்தர ஓய்வை எல்லாத் தொழிலாளருக்கும் உரியதாக்கியது. இந்திய ஆலைகளின் போட்டிக்கு அஞ்சிய லங்காஷயர் முதலாளிகளும் இச்சட்டத்துக்காக நெருக்கடி கொடுத்தார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நன்மையான சட்டம் எப்போதும் நல்ல மனதிலிருந்து மட்டுமே பிறப்பதில்லை.

நம் பக்கத்தில், 1918 ஏப்ரல் 27 அன்று பெரம்பூரில் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளருக்காக மெட்ராஸ் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பி.பி.வாடியா அதன் தலைவர். அதன்பின் வேலை நேரம் படிப்படியாகக் குறைந்தது. 1922இல் வாரத்துக்கு 60 மணி, 1934இல் 54 மணி. வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் நலப் பொறுப்பிலிருந்த டாக்டர் அம்பேத்கர் கொண்டுவந்த திருத்தம் 1946இல் அதை 48 மணியாக்கியது. அறுபதிலிருந்து நாற்பத்தெட்டுக்கு வர இருபத்துநான்கு ஆண்டுகள் ஆயின.

சுதந்திரம் பெற்றபின், அரசியல் சாசனத்தை எழுதிக்கொண்டிருந்த அவையே சட்டமன்றமாகவும் அமர்ந்து, 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் 52ஆம் பிரிவு, வாரத்தின் முதல் நாளில் தொழிலாளியை வேலை வாங்கக்கூடாது என்றது. சனி நள்ளிரவில் தொடங்குவதே அச்சட்டத்தின் வாரம். ஆகவே முதல் நாள் என்பது ஞாயிறுதான். அந்நாளில் வேலை வாங்கினால் அதற்கு முந்திய அல்லது பிந்திய மூன்று நாட்களுக்குள் முழு விடுமுறை தரவேண்டியிருந்தது. தொடர்ந்து பத்து நாட்களுக்குமேல் ஓய்வின்றி வேலை வாங்க அது அனுமதிக்கவே இல்லை. உங்களில் பலருக்குப் புதனிலோ வியாழனிலோ ‘வீக்லி ஆஃப்’ வந்தது இந்த விலக்கினால்தான்.

இன்று நம் நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா முதலில் அறிமுகப்படுத்தப்படுகிறது. பின்பு அதன்மேல் விவாதமும், பிரிவு பிரிவாக வாக்கெடுப்பும் நடக்கின்றன. விரும்பினால் அவை அதைக் குழுவுக்கு அனுப்பலாம். இரு அவைகளும் நிறைவேற்றி, குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தபின்பே அது சட்டம். இந்த வரிசையில் குழுவில் நடக்கும் வேலையே எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. முதலாளியும் தொழிலாளியும் வந்து சாட்சி சொல்லக்கூடிய இடம் அதுதான். பணியிடப் பாதுகாப்பு குறித்த சட்டத்தொகுப்பு 2019இல் அப்படி நிலைக்குழுவுக்குச் சென்றது. பின்பு அது திரும்பப் பெறப்பட்டு, புதிய மசோதா 2020 செப்டம்பரில் வந்தது. எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்த வேளையில், 22ஆம் தேதி மக்களவையிலும் 23ஆம் தேதி மாநிலங்களவையிலும் அது நிறைவேறியது.

தொழிலாளர் நலம் பொதுப்பட்டியலில் உள்ளதால் மாநிலமும் சட்டம் இயற்றலாம். 2023 ஏப்ரல் 21 அன்று நம் சட்டப்பேரவை, மேற்சொன்ன 52 உட்படச் சில பிரிவுகளிலிருந்து ஆலைகளுக்கு விலக்களிக்க அரசுக்கு அதிகாரம் தரும் திருத்தத்தைக் குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றியது. பன்னிரண்டு மணி நேர வேலை மசோதா என்று நீங்கள் அறிந்தது இதுவே. ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மூன்றே நாளில் அது நிறுத்திவைக்கப்பட்டது; மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். நான்கு சுவர்களுக்குள் கேட்கப்படாத குரல் வெளியே கேட்கப்பட்டது. ஆனால் அது உள்ளேயே கேட்கப்பட்டிருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

2020இன் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. வாரத்தில் ஆறு நாட்களுக்குமேல் வேலை வாங்கக்கூடாது என்று அதன் 26ஆம் பிரிவு சொல்லுகிறது. வாராந்தர ஓய்வு அப்படியே இருக்கிறது. முதல் நாள் என்ற சொல் மட்டும் அங்கே இல்லை. நடைமுறை விதிகளை வகுக்கும் அதிகாரம் மாநில அரசுக்கும் உண்டு. வரைவை முன்கூட்டியே வெளியிட்ட பின்பே அவற்றை இறுதிசெய்ய வேண்டும். அப்படிப்பட்ட வரைவு வெளியாகும்போது, ஆலையில் உழைக்கிற எவரும் தம் கருத்தைத் தமிழிலேயே எழுதி அனுப்பலாம். எழுதுவதில் உதவி தேவைப்படுவோர் ஆராதனைக்குப்பின் என்னைக் காணலாம். ஞாயிறு ஷிப்டில் இருப்பவர்கள் புதன் மாலை ஜெபக்கூட்டத்துக்கு வரும்போது கேட்கலாம்.