ஒற்றை வரி மிரர் பிறந்த கதை

மிரர், அதாவது ஒரே தகவலை இரண்டு டிஸ்க்கில் எழுதிவைப்பது, மேதைகளின் கண்டுபிடிப்பு அல்ல. ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்பது யாருக்கும் தோன்றக்கூடிய யோசனைதான். 1976-இல் டாண்டம் நிறுவனத்தின் ‘நான்ஸ்டாப்’ கம்ப்யூட்டர்கள் விற்பனைக்கு வந்தன. நிற்காமல் ஓடவேண்டிய அந்த இயந்திரங்களில் மிரர் டிஸ்க்கும் உண்டு. 1988-இல் பெர்க்லியின் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் ‘ரெய்டு’ என்று பெயர் சூட்டி வகை பிரித்தபோது, மிரருக்கு முதல் எண்ணைக் கொடுத்தார்கள். ஒரு டிஸ்க் சராசரியாக 30,000 மணி நேரம் உழைக்கும் என்று வைத்துக்கொண்டால், 100 டிஸ்க்கை வெறுமனே சேர்த்துக் கட்டிய தொகுப்பு 300 மணி நேரத்தில் படுத்துவிடும் என்று அவர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். இரண்டு வாரம்கூடத் தாங்காது.

ஆக, தேவை புரிந்துவிட்டது. மிரரைக் கட்டளை அடித்து ஒரு சர்வரில் நிறுவுவதுதான் பெரும்பாடாக இருந்தது.

சன் மைக்ரோசிஸ்டம்ஸின் சோலாரிஸ் சர்வர்களை 1990-களில் பார்த்துக்கொண்டவர்களைக் கேளுங்கள். அங்கே இதற்கென்று இருந்தது ‘சோல்ஸ்டிஸ் டிஸ்க்சூட்’. டிஸ்க்கை மிரர் செய்வதற்கு முன்னால், மிரரைப் பற்றிய குறிப்பேட்டுக்கு ஒரு குட்டிப் பார்ட்டிஷன் ஒதுக்க வேண்டும். ‘மெட்டாடிபி’ கட்டளையால் அதில் பிரதிகள் போட வேண்டும். பிறகு ‘மெட்டாஇனிட்’ அடித்து ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு துணை மிரர். அவற்றில் ஒன்றை மட்டும் வைத்து ஒற்றைக்கால் மிரர். இயங்குதளம் இருக்கும் டிஸ்க் என்றால் ‘மெட்டாரூட்’ அடித்து, ரீபூட் செய்து, அதன்பிறகே ‘மெட்டாட்டாச்’ மூலம் இரண்டாவதைச் சேர்க்க வேண்டும். எதற்கு இத்தனை சுற்று, இரண்டையும் முதலிலேயே சேர்த்துவிடலாமே என்று நினைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். அப்படிச் சேர்த்தால் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தகவல் நகலாகாது. வெவ்வேறு சரக்கு இருக்கும் இரண்டு டிஸ்க்குகள் மிரர் என்ற பெயரில் ஓடிக்கொண்டிருக்கும்.

இதைவிட வேடிக்கை அந்தக் குறிப்பேட்டுப் பிரதிகள். மொத்தத்தில் பாதிக்கு மேல் நல்ல நிலையில் இருந்தால்தான் சர்வர் முழுதாக பூட் ஆகும். இரண்டே டிஸ்க் உள்ள பெட்டியில் பிரதிகளைச் சரிபாதியாகப் பிரித்து வைத்திருப்பார்கள். ஒன்று செத்தால் மிஞ்சுவது சரியாகப் பாதி. ஓடிக்கொண்டிருக்கும்வரை ஓடும், ரீபூட் செய்தால் எழுந்திருக்காது, யாராவது கன்சோலில் உட்கார்ந்து செத்த பிரதிகளை நீக்கிவிட வேண்டும். எந்த ஆபத்துக்காக மிரர் போட்டார்களோ, அந்த ஆபத்து வந்த அன்றே கை விரிக்கும் ஏற்பாடு!

இந்தச் சூழலில்தான் சன்னில் இருந்த ஜெஃப் பான்விக், கல்லூரி முடித்து வந்த மாத்யூ ஆரன்ஸைச் சேர்த்துக்கொண்டு 2001-இல் ஒரு புதிய ஃபைல் சிஸ்டத்தைத் தொடங்கினார். பான்விக் அதற்கு முன் பெயர் வாங்கியது டிஸ்க்கில் அல்ல, மெமரியில்; கெர்னலுக்கு மெமரியைப் பங்கிட்டுத் தரும் ‘ஸ்லாப் அலோகேட்டர்’ அவருடையது. ரேம் சேர்த்தால் யாரும் கட்டளை அடிப்பதில்லை, கம்ப்யூட்டரே எடுத்துக்கொள்கிறது. டிஸ்க் மட்டும் ஏன் இப்படிப் படுத்துகிறது என்ற கேள்வி அவருக்கு எழுந்ததில் வியப்பில்லை. முதல் மாதிரி ஓடியது 2001 அக்டோபர் 31. கெர்னலுக்குள் முதன்முதலாக மவுன்ட் ஆனது 2002-இல், அதே தேதி. சோலாரிஸில் இணைந்தது 2005-இல், அதுவும் அதே தேதி. அதுதான் இசட்எஃப்எஸ்.

இப்போது மிரர் வேண்டுமென்றால், ‘இசட்பூல் கிரியேட் டேங்க் மிரர்’ என்று அடித்து, பக்கத்தில் இரண்டு டிஸ்க்கின் பெயரையும் எழுதி என்டர் தட்டினால் போதும். மிரர், ஃபைல் சிஸ்டம், மவுன்ட் எல்லாம் ஒரே மூச்சில் தயார். முதல் நகலெடுப்புக்காக மணிக்கணக்கில் காத்திருப்பதும் இல்லை. டிஸ்க்குகள் சேர்ந்த தொகுப்பான பூல் காலியாக இருப்பது இசட்எஃப்எஸ்ஸுக்கே தெரியும்.

வரி குறைந்ததைவிடப் பெரிய லாபம் வேறு. பழைய மிரரில் இரண்டு பக்கமும் முரண்பட்டால், எந்தப் பக்கம் படிக்கப்பட்டதோ அதுவே உண்மை. இசட்எஃப்எஸ் ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு செக்சம் (சரிபார்ப்பு எண்) கணக்கிட்டு, அதை அந்த பிளாக்கைச் சுட்டும் மேல் பிளாக்கில் வைக்கிறது. படிக்கும்போது கணக்கு உதைத்தால் அடுத்த டிஸ்க்கில் பார்க்கும். அங்கே சரியாக இருந்தால் அதை உங்களுக்குக் கொடுத்துவிட்டு, கெட்டுப்போன பிரதியையும் திருத்தி எழுதும். ஃபைல் சிஸ்டமும், டிஸ்க்சூட் போன்ற வால்யூம் மேலாளரும் தனித்தனியாக இருந்தவரை இது நடக்கவில்லை. இரண்டையும் கலந்ததை அடுக்கு மீறல் என்று லினக்ஸ் கெர்னலின் ஆண்ட்ரூ மார்ட்டன் குறைகூறினார். என்னைக் கேட்டால், மீறியதால்தான் பயன்.

சுலபமானதிலும் ஒரு கண்ணி உண்டு. ஒற்றை டிஸ்க் பூலைப் பின்னால் மிரராக்க ‘இசட்பூல் அட்டாச்’ அடிக்க வேண்டும். கைதவறி ‘ஆட்’ அடித்தால் பூல் பெரிதாகும், மிரர் ஆகாது. எந்த டிஸ்க் போனாலும் பூலே போய்விடும். பழைய பதிப்புகளில் சேர்த்த டிஸ்க்கைத் திரும்பக் கழற்றவும் வழியில்லை. ஆகவே டிஸ்க்கைச் சேர்த்த கையோடு ‘இசட்பூல் ஸ்டேட்டஸ்’ அடித்து, மிரர் என்ற சொல்லின்கீழ் இரண்டு டிஸ்க்கும் நிற்கிறதா என்று பார்த்துவிட்டே தகவலை ஏற்றுங்கள்.