ஓசூர் சாலையில் பிறந்த இயந்திரத் தாளம்

1970களின் கடைசியில் பெங்களூர் – ஓசூர் சாலை ஆலைகளின் சாலையாக மாறத் தொடங்கியது. ஓசூரைச் சுற்றி அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., பிறகு டைட்டன். எல்லைக்கு அப்பால் எலக்ட்ரானிக்ஸ் சிட்டி. அந்த எலக்ட்ரானிக்ஸ் சிட்டியில் இயங்கும் ரேடல் என்ற நிறுவனத்தை இசை படிக்கும் வீடுகள் நன்கு அறியும். அதைத் தொடங்கிய ஜி. ராஜ் நாராயண் பொறியாளர், புல்லாங்குழலும் வாசிப்பவர். 1979-ல் மின்னணுத் தம்புராவை உருவாக்கினார். அடுத்து தாளம் போட ‘தாலோமீட்டர்’, தபேலா ஒலிக்க ‘தாள்மாலா’ என்று பெட்டிகள் வந்தன.

சுருதி சீராக நின்றால் பாடகருக்கு நிம்மதி. தாளம் அதே அளவுக்குச் சீராக நின்றால் கொஞ்ச நேரத்தில் காது சலித்துவிடுகிறது. தாளப்பெட்டி செய்த எல்லோரும் முட்டிக்கொண்ட சுவர் இதுதான்.

அமெரிக்காவில் ரோஜர் லின் 1980-ல் எல்.எம்.-1 என்ற கருவியைக் கொண்டுவந்தார். நிஜ டிரம்ஸின் ஒலியைப் பதிந்து அதற்குள் வைத்தது ஒரு முன்னேற்றம். அதைவிட நுட்பமானது ‘ஸ்விங்’. இரட்டையாக வரும் அடிகளில் இரண்டாவதை இது கொஞ்சம் தாமதப்படுத்தும். இரட்டையின் நேரத்தில் முதல் அடிக்கு 50 சதவீதம் என்றால் நேர் நடை. 66-ஐ நெருங்கினால் திஸ்ரத்தின் (மூன்றெண்ணிக்கை நடையின்) அசைவு வந்துவிடும். நம் நாட்டில் சரண்ஜித் சிங் 1982-ல் ரோலண்ட் டி.ஆர்.-808 தாளப்பெட்டியை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் இசைத்தட்டாக்கினார். அந்த 808 மனிதக் கையைப் போல நடிக்கவே இல்லை; அதன் அழகும் அதுதான்.

தமிழ்த் திரையில் 1986-ல் வந்த ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா கம்ப்யூட்டர் இசையைப் பயன்படுத்தினார். அதில் சீக்வென்சரை (சுரங்களை வரிசைப்படுத்தி இசைக்கும் கருவியை) இயக்கிய இளைஞர் திலீப், பின்னாளைய ஏ.ஆர். ரஹ்மான். 1992-ல் ‘ரோஜா’வோடு புரோகிராமிங் என்பது தமிழ்ப் பாட்டின் அன்றாட வேலையானது. ஆனாலும் ரஹ்மானின் பாடல்களில் டிரம்ஸ் கலைஞர் சிவமணி போன்றவர்களின் கைகள் தொடர்ந்து ஒலித்தன. திரும்பத் திரும்ப ஓடும் லூப்பின் மேல் நிஜ வாசிப்பு ஏறியதும் பாட்டுக்கு உயிர் வந்தது.

கம்ப்யூட்டர் தாளத்தை மனித வாசிப்பாக்க என்று சொல்லி, பலரும் அடிகளை இஷ்டத்துக்கு முன்பின் தள்ளிவிடுகிறார்கள். இது தவறான வழி. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஹோல்கர் ஹென்னிக் குழுவினர் கானா நாட்டு டிரம்ஸ் கலைஞர் ஒருவரின் வாசிப்பை அளந்து 2011-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அடிகள் விலகுவது மில்லி விநாடிக் கணக்கில்தான். ஆனால் அந்த விலகல் தாறுமாறாக இல்லை. ஒரு விலகலின் சாயல் வெகுதூரம் தள்ளி வரும் அடிகளிலும் தெரிகிறது. கேட்டவர்களுக்கும் இப்படித் தொடர்புள்ள விலகலே பிடித்திருந்தது. நேர விலகலுக்கும் முன்பு புரோகிராம் செய்பவர் கவனிக்க வேண்டியது அடியின் பலத்தை. மின்னணு இசைக் கருவிகள் பேசிக்கொள்ளும் மிடி முறையில் ஒவ்வொரு அடிக்கும் 1 முதல் 127 வரை பலம் கொடுக்கலாம். எல்லாவற்றையும் 100-இல் வைத்தால் அது சுத்தியல் சத்தம். இரண்டே கை உள்ளவர் ஒரே கணத்தில் மூன்று இடத்தில் தட்ட மாட்டார் என்பதையும் மறக்கக் கூடாது.

இதற்கெல்லாம் பாடம் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்து மாரியம்மன் திருவிழாக்களிலேயே இருக்கிறது. ஒன்று மரம், ஒன்று உலோகம் என்று இரண்டு உருளைகளை ஒன்றாகக் கட்டி இடுப்பில் தாங்கி வாசிக்கிறார்கள் பம்பைக்காரர்கள். சாமி வரும் நேரத்தில் காலப்பிரமாணம் ஏறுகிறது, அடி கனக்கிறது. உடுக்கையும் சிலம்பும் கூடவே ஏறுகின்றன. எந்த அடி முந்த வேண்டும், எது பின்தங்க வேண்டும் என்பதை எதிரே ஆடுபவரின் காலைப் பார்த்து அவர்கள் முடிவு செய்கிறார்கள்.

ஓசூரிலோ பெங்களூரிலோ ஸ்டுடியோ வைத்திருக்கும் இளைஞர்கள் வெளிநாட்டு டிரம்ஸ் லூப்பைக் காசு கொடுத்து வாங்குமுன், இந்தக் கலைஞர்களை அழைத்து ஒரு நாள் முழுக்க வாசிக்கக் கேட்க வேண்டும். பதிவு செய்தால் நியாயமான கூலி கொடுங்கள், பாடலில் அவர்கள் பெயரையும் போடுங்கள்.