எழுவான்கரையின் கிணறும் குழாயும்

மட்டக்களப்பை மீன்பாடும் தேன்நாடு என்பர். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவியைக் கண்டு வியக்கும் வெளியூரவருக்கு, அந்நீரில் ஒரு கை அள்ளிக் குடிக்க இயலாது என்பது சற்றுப் பிந்தியே புரியும். முகத்துவாரத்தின் வழியே கடல் கலக்கும் உவர்நீர் அது. 1628இல் போர்த்துக்கேயர் கோட்டை கட்டியதும், 1638இல் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றியதும் வாவி சூழ்ந்த புளியந்தீவிலேதான். வரலாற்று நூல்கள் கோட்டையைப் பற்றி நிறையப் பேசும். கிணற்றைப் பற்றிப் பேசுவது குறைவு.

எழுவான்கரை, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்றிட்டு. மாரிமழை மணலில் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழம்வரை உவரை விலக்கி வைக்கும் என்பது நிலநீரியலார் கணக்கு. துலாவால் இறைத்தவரை இந்தச் சமநிலைக்குப் பெரும் பங்கம் இல்லை. மின்பம்பியோ ஓரளவுக்கு மேல் இறைத்தால் உவரை மேலே இழுத்துவிடும்.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கல்லடி, நாவலடிக் கிணறுகளைக் கடல்நீரால் நிரப்பிற்று. உதவ வந்தோர் நல்லெண்ணத்தோடு பம்பி வைத்து மீண்டும் மீண்டும் இறைத்தனர். ஆனால், ஓயாத இறைப்பால் உப்பு குறையவில்லை, மழையே அதைக் கழுவியது என்பது பின்னர் இக்கரையோரக் கிணறுகளை ஆராய்ந்த சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தார் கண்ட உண்மை. அவசர உதவியில் பொறுமைக்கு இடமேது!

குழாய்நீர் தாமதமாகவே வந்தது. உன்னிச்சைக்குளம் இருப்பது படுவான்கரையில். அதன் பெரும்பகுதி 2007 வரை விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. போர் ஓய்ந்த பின்னரே குளத்துநீர் வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு, வாவியைக் கடந்து நகரை அடைந்தது.

வந்த நீரை நாக்கு எளிதில் ஏற்கவில்லை. "குளோரின் மணக்குது" என்பதே நான் கேட்ட முதற் குறை. வாயகன்ற பாத்திரத்தில், மெல்லிய துணியால் மூடிச் சில மணிநேரம் வைத்தால் அந்த வாடை தணியும். கிணற்றுநீரின் குறையோ நாக்குக்கு எட்டாது. வீடுகள் நெருங்கிவிட்ட மணல்நிலத்தில் மலசலக்குழியின் கசிவும் தோட்டத்து உரமும் கிணற்றைச் சேர்வதற்கு அதிக நாள் பிடிக்காது. கிருமி கொதிக்கவைத்தால் சாகும். நைத்திரேற்று போகாது, நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. அதற்கு மேற்பட்டால், புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும்.

கல்லடியில் நண்பர் வீட்டில் கிணற்றுநீரில் போட்ட தேநீர் தந்தார்கள். அருமையாக இருந்தது, இன்னொரு கோப்பையும் கேட்டு வாங்கினேன். அடுப்படியில் அவர் மகள் பிள்ளைக்குப் பால்மா கரைத்துக்கொண்டிருந்தாள். எந்த நீர் என்று கேட்டேன்.

"பைப் தண்ணிதான் மாமா, கொதிக்கவச்சு ஆறவச்சது. கிணத்துத் தண்ணி எங்களுக்கு மட்டும்தான்."