ஹார்வி சகோதரர்களும் மதுரை மில்லும்

ஸ்காட்லாந்திலிருந்து வந்து தென்தமிழகத்தில் நூற்பாலைகளை நிறுவிய வணிகர்கள் ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி. 1885இல் பாபநாசத்திலும் 1888இல் தூத்துக்குடியிலும் ஆலை அமைத்த இவர்கள், அடுத்து மதுரைக்கு வந்தார்கள். 1889இல் பதிவான மதுரை மில் 1892இல் நூல் நூற்கத் தொடங்கியது. மதுரையைத் தொழில் நகரமாக்கியவர்கள் ஹார்விகளே என்று சொல்வதுண்டு. நடந்தவற்றைக் கால வரிசையில் வைத்துப் பார்த்தால் அதை அப்படியே ஏற்க முடியாது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள்ளேயே கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்க்க வைத்ததால் நகரம் வெளிவீதிகளுக்குப் பரவிவிட்டது. 1875இல் ரயில் மதுரையை எட்டியது; மறு ஆண்டே தண்டவாளம் தூத்துக்குடித் துறைமுகம் வரை நீண்டது. தெற்கே சாத்தூர், கோவில்பட்டிக் கரிசலில் பருத்தி விளைந்தது. இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, வாங்கும் கை உள்ளூரிலேயே இருந்தது. திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றிய தெருக்களில் சௌராஷ்டிர நெசவாளர்கள் பாவு விரித்துச் சேலை நெய்துவந்தார்கள். அவர்களுக்கு வேண்டிய மெல்லிய நூல் சீமையிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. பருத்தியும் தறியும் பக்கத்திலேயே இருக்க, இடையிலுள்ள நூல் மட்டும் கடல் கடந்து வந்த அந்த இடைவெளியில்தான் ஹார்விகள் ஆலையை வைத்தார்கள்.

அப்படியானால் அவர்களுடைய பங்கு என்ன, வேறு யாரும் செய்திருக்கலாமே என்று கேட்கலாம். செய்யவும் செய்தார்கள்: 1920களில் கருமுத்து தியாகராஜன் செட்டியார் மீனாட்சி மில்லைத் தொடங்கினார். ஆனால் அது முப்பது ஆண்டு கழித்து நடந்தது என்பதை மறக்கக் கூடாது. பாபநாசத்தில் தாமிரபரணியின் நீர்விசை, தூத்துக்குடியில் துறைமுகம், மதுரையில் ரயில் என்று ஒவ்வொரு ஊரிலும் எது வலுவோ அதைப் பற்றிக்கொண்டு முன்னேறிய கணக்கு ஹார்விகளுடையது. இடம் தேர்ந்த அந்தக் கூர்மையை மறுப்பது நியாயமல்ல. நகரத்தை அவர்கள் உண்டாக்கவில்லை. ரயில் நிலையத்துக்கு மேற்கே இன்னொரு மதுரை வளர வழிவிட்டார்கள்.

அந்த மேற்கு மதுரையையும் முதலாளிகளின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து மில் சங்குக்கு நேரம் பார்த்து வந்தவர்கள்தான் கதிர்களை ஓட வைத்தார்கள். 1918இல் வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் அவர்களைச் சங்கமாகத் திரட்டினார். கூலி உயர்ந்ததும் வேலை நேரம் குறைந்ததும் அந்தச் சங்கத்தில் திரண்டு அவர்கள் நடத்திய போராட்டங்களின் பலன். ஆலை வேலையும் சம்பளமும் கொடுத்ததே பெரிய உபகாரமல்லவா என்பவர்களுக்கு இதுவே பதில்: அந்தச் சம்பளம் மனிதன் வாழத்தக்க அளவுக்கு வந்தது தொழிலாளர் கேட்டதனால். பிற்காலத்தில் திருப்பரங்குன்றத்தை அடுத்துத் தொழிலாளர் குடியிருப்பாக எழுந்த ஊர் ஹார்விபட்டி என்றே பெயர் பெற்றது. மூன்று ஊர் ஆலைகளும் ஒரே கம்பெனியாக இணைந்தன. 1974இல் அது கோட்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து மதுரா கோட்ஸ் ஆனது.