தொடங்க மறுத்த கணினிகள்: ஹாக்கின்டோஷின் இருபதாண்டு வரலாறு

மென்பொருளின் வரலாறு பெரும்பாலும் வெளியீட்டு விழாக்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. எந்த ஆண்டில் எந்த நிறுவனம் எதை அறிமுகப்படுத்தியது என்னும் வரிசை அதில் இருக்கும்; அம்மென்பொருள் ஓடாமல் நின்ற இடங்கள் இரா. இப்பதிவு அப்படி நின்ற இடங்களைப் பற்றியது.

ஆப்பிளின் மேக் இயங்குதளத்தை, ஆப்பிள் தயாரிக்காத, உதிரிபாகங்கள் வாங்கி வீட்டில் பூட்டிய கணினியில் நிறுவினால் அக்கணினிக்கு 'ஹாக்கின்டோஷ்' என்று பெயர். 'ஹேக்', 'மேக்கின்டோஷ்' என்னும் இரு சொற்களின் ஒட்டு அது. 2005இல் தொடங்கிய இம்முயற்சியின் காலம் இப்போது முடிவை நெருங்குகிறது. இன்டெல் செயலிகளில் ஓடும் கடைசிப் பதிப்பு மேக்ஓஎஸ் 26 டஹோதான் என்று 2025 ஜூனில் ஆப்பிள் அறிவித்துவிட்டது. இந்த இருபதாண்டுகளைப் பற்றி நமக்குக் கிடைக்கும் முதன்மைச் சான்றுகள், கணினி தொடங்க மறுத்தபோது திரையில் எழுதிய பிழைச்செய்திகளே என்பது என் வாதம். கல்வெட்டைப் போலவே ஒவ்வொரு பிழைச்செய்திக்கும் ஒரு காலமும் ஒரு சூழலும் உண்டு.

1. 'பூட்' என்னும் சொல்

'பூட்' என்பது 'பூட்ஸ்ட்ராப்' என்பதன் சுருக்கம். காலணியின் பின்புற வாரைப் பிடித்துத் தன்னைத்தானே மேலே தூக்குவது என்பது அமெரிக்க ஆங்கிலத்தில் தொடக்கத்தில் நடவாத காரியத்தைக் குறித்த தொடர். நம் வழக்கில் சொன்னால், தன் தோளின்மேல் தானே ஏறி நிற்பது. கணினியின் சிக்கலும் அதுவே. நினைவகத்தில் நிரல் இருந்தால்தான் கணினி எதையும் படிக்கும். ஏதேனும் ஒன்றைப் படித்தால்தான் நினைவகத்தில் நிரல் வரும். 1952இல் வந்த ஐபிஎம் 701 இயந்திரத்தில் இதற்கென ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் துளையட்டையிலிருந்தோ நாடாவிலிருந்தோ முதற்சொல் நினைவகத்துக்கு வரும். அம்முதற்சொல்லில் இருக்கும் கட்டளை அடுத்த சொற்களை அழைத்துவரும்.

1981இல் தொடங்கிய ஐபிஎம் பிசி மரபிலும் இந்த ஏற்பாடு தொடர்ந்தது. மதர்போர்டில் உள்ள பயாஸ், வன்வட்டின் முதல் 512 பைட்டுகளை மட்டும் படித்து, இயக்கத்தை அதனிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிவிடும். அந்த 512இலும் பகிர்வு அட்டவணைக்கான இடம் போக நிரலுக்குக் கிடைப்பவை 446 பைட்டுகள். யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட்டுகள் தேவை என்பதால், அவ்விடத்தில் 148 தமிழ்க் குறியீடுகளுக்குமேல் எழுத முடியாது. ஒரு சிறு பத்திக்கும் போதாத அந்த இடத்திலிருந்துதான் முழு இயங்குதளமும் எழவேண்டும். தொடக்கம் என்பது ஒற்றை நிகழ்வன்று, பல கைமாறல்களின் தொடர் என்பது இதனால் விளங்கும். ஒவ்வொரு கைமாறலிலும் கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே மொழி பேசவேண்டும். அம்மொழி பொருந்தாதபோது திரை நின்றுவிடுகிறது.

2. பூட்டும் அதன்மேல் ஒரு கவிதையும்

2005 ஜூன் 6 அன்று சான் ஃபிரான்சிஸ்கோ மாநாட்டில், பவர்பிசி செயலிகளைக் கைவிட்டு இன்டெலுக்கு மாறப்போவதாக ஸ்டீவ் ஜாப்ஸ் அறிவித்தார். மேக் ஓஎஸ் எக்ஸின் இன்டெல் வடிவம் ஐந்தாண்டுகளாகவே கமுக்கமாக உருவாகிவந்ததையும் அப்போதுதான் வெளியிட்டார். நிரலாளர்களுக்கு 999 டாலருக்குத் தற்காலிக இயந்திரம் ஒன்று வழங்கப்பட்டது. வெளிக்கூடு பவர் மேக் ஜி5, உள்ளே 3.6 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4, சாதாரண பயாஸ். அதாவது, வழக்கமான பிசியின் உறுப்புகளே அதில் இருந்தன. அதனுடன் வந்த டைகர் பதிப்பு விரைவில் கசிந்தது. சில மாதங்களுக்குள் உலகின் பல மூலைகளில் சாதாரண பிசிகளில் அது ஓடத் தொடங்கியது.

2006 ஜனவரியில் விற்பனைக்கு வந்த இன்டெல் மேக்குகளில் மூன்று தடைகள் இருந்தன. முதலாவது, பயாஸுக்குப் பதிலாக இஎஃப்ஐ என்னும் புதிய ஃபர்ம்வேர். இரண்டாவது, விசிறி வேகம், வெப்பம் முதலியவற்றைக் கவனிக்கும் எஸ்எம்சி என்னும் சில்லு. அதனுள் ஒரு சாவியும் வைக்கப்பட்டிருந்தது. மூன்றாவது, ஃபைண்டர், டாக் போன்ற இன்றியமையாத நிரல்கள் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தன. எஸ்எம்சியிலிருந்து சாவி வந்தால்தான் அவை திறக்கும். திறக்கும் பணியைச் செய்யும் கெர்னல் இணைப்பின் பெயரே 'டோன்ட் ஸ்டீல் மேக் ஓஎஸ் எக்ஸ்', அதாவது 'மேக் ஓஎஸ் எக்ஸைத் திருடாதீர்'.

மொழியியல் பயின்றோர் இங்குச் சற்று நிற்கவேண்டும். அச்சாவி 64 எழுத்துகள் கொண்ட தொடர்; அதுவும் திருடவேண்டாம் என்று வேண்டிக்கொள்ளும் ஆங்கில வாக்கியமே. இயங்குதளத்தினுள் ஹேக்கர்களை விளித்து எழுதிய சிறு கவிதை ஒன்றும் இருந்தது. அதை வைத்தது தாங்களே என்று ஆப்பிள் ஒப்புக்கொண்டது. சாதாரணப் பயனர் எவரும் இவ்வரிகளைக் காணப்போவதில்லை. பூட்டை உடைத்து உள்ளே வருபவர் ஒருவரே இவற்றின் வாசகர். குற்றம் செய்தவரை மட்டுமே வாசகராக வரித்துக்கொண்ட எழுத்து வேறெங்கும் அரிது. பின்னர் எழுதப்பட்ட ஃபேக்எஸ்எம்சி என்னும் சிறு நிரல், இல்லாத சில்லு இருப்பதாகப் பாவனை செய்து, கேட்டபோது அந்த 64 எழுத்துகளையே திருப்பிச் சொன்னது. காவல் வாக்கியமே கடவுச்சொல்லாயிற்று.

இஎஃப்ஐ தடைக்கு விடை ஆப்பிளிடமிருந்தே கிடைத்தது. மேக்கின் அடித்தளமான டார்வின் திறந்த மூலமாக வெளியிடப்பட்டிருந்ததால், பயாஸ் கணினிகளில் ஓடும் பூட்-132 என்னும் ஏற்றியின் மூலநிரலும் பொதுவில் இருந்தது. 2008 அளவில் அதனுடன் இஎஃப்ஐயின் போலி வடிவம் இணைக்கப்பட்டது. அவ்வழியில் பிறந்த கமீலியன், பின்னர் வந்த குளோவர், 2019இல் வெளியான ஓப்பன்கோர் என ஏற்றிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. இவற்றின் வருகையால் திருத்திய கள்ளப் பிரதிகளின் தேவை குறைந்தது; இயங்குதளத்தின் கோப்புகளைத் தொடாமல், கடையில் வாங்கிய வட்டிலிருந்தே நிறுவ முடிந்தது. இம்முறையை 'வெனிலா' என்று அழைத்தனர்.

3. மூன்று பிழைகள், மூன்று காலங்கள்

முதற்பிழை: 'பூட்0: எரர்'. கறுப்புத் திரையில் இவ்வளவே தோன்றும். 2010ஐ ஒட்டி வன்வட்டுகள் 512 பைட் துண்டுகளிலிருந்து 4,096 பைட் துண்டுகளுக்கு மாறியபோது பரவிய பிழை இது. முதற்கட்ட ஏற்றி, இரண்டாம் கட்டத்தைப் பகிர்வின் தொடக்கத்தில் தேடும். ஆனால் புதிய வட்டுகளில், பயன்பாட்டில் இருக்கும் பகிர்வின்மேல் நிறுவி அதை எழுத முயன்றபோது எழுத்து பதியவில்லை. யூஎஸ்பியிலிருந்து கணினியைத் தொடங்கி, அப்பகிர்வை இயக்கத்திலிருந்து விடுவித்து, இரண்டாம் கட்ட ஏற்றியை நேரடியாக எழுதுவதே தீர்வு. கைமாறலின் முதற்படியே முறிந்த நிலை இது.

இரண்டாம் பிழை: 'ஸ்டில் வெய்ட்டிங் ஃபார் ரூட் டிவைஸ்'. கெர்னல் விழித்துவிட்டது, ஆனால் தான் வந்த வீட்டையே அதனால் கண்டறிய முடியவில்லை. ஏற்றி வேலை செய்யும்வரை வட்டைப் படிப்பது ஃபர்ம்வேர். கெர்னல் பொறுப்பேற்றபின் அதே வட்டைத் தன் சொந்த டிரைவரால் படிக்கவேண்டும். தொடக்க ஆண்டுகளில் இதற்குப் பெருங்காரணம், பயாஸில் சாட்டா அமைப்பு ஏஹெச்சிஐக்குப் பதிலாகப் பழைய ஐடிஇயில் இருந்தது. 2015இல் எல் கேப்பிடன் வந்தபின் இதே பிழை வேறு காரணத்தால் திரும்பியது. ஒரு யூஎஸ்பி கட்டுப்படுத்திக்கு 15 துறைகள் என்னும் வரம்பை அப்பதிப்பு விதித்தது. நீல நிற யூஎஸ்பி 3 துளை ஒவ்வொன்றும் பழைய வேகத்துக்கு ஒன்று, புதிய வேகத்துக்கு ஒன்று என இரண்டாகக் கணக்கிடப்படும். வரம்பு நிறைந்ததும் எஞ்சிய துளைகள் மறைந்துவிடும். நிறுவல் யூஎஸ்பி அங்கே செருகியிருந்தால் அதுவும் மறையும். பிழைச்செய்தி ஒன்றே, வரலாற்றுக் காரணம் இரண்டு. சொல் ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்றே என்று கொள்ளலாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

மூன்றாம் பிழைக்குச் செய்தியே இல்லை. மேக் ஓஎஸ் எக்ஸிலிருந்து மறுதொடக்கம் செய்தால் மதர்போர்டின் பயாஸ் அமைப்புகள் அழிந்து தொழிற்சாலை நிலைக்குத் திரும்பும். ஸ்னோ லெப்பர்ட் காலத்தில் பலரை அலைக்கழித்தது இது. கடிகாரச் சில்லுக்கான முகவரி இடம் எவ்வளவு என்று மதர்போர்டின் அட்டவணை சொல்கிறதோ, அதை நம்பி மேக் எழுதியது. எழுதக்கூடாத இடத்திலும் எழுதிவிட்டது. அட்டவணையில் 4 என்னும் எண்ணை 2 ஆக்கியதும் சிக்கல் நீங்கியது. ஓர் எண்ணின் திருத்தத்தைக் கண்டடைய எத்தனை பேர் எத்தனை இரவுகள் விழித்திருப்பர் என்பதை எந்த ஆவணமும் சொல்வதில்லை.

இத்திருத்தங்கள் எட்டப்பட்ட முறையும் நமக்குப் பழகியதே. ஆப்பிள் சின்னத்தை மறைத்து, கெர்னலின் ஒவ்வொரு செயலையும் திரையில் ஓடவிடும் விரிநிலைத் தொடக்கத்தை இயக்குவர். எழுத்தோட்டம் எங்கு நின்றதோ அவ்விடத்தைக் குறிப்பர். கடைசியாகத் தெரியும் வரி பெரும்பாலும் குற்றவாளியன்று. அதன்பின் வந்திருக்கவேண்டிய, வராத வரியே சான்று. பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி மீண்டும் தொடங்குவர். 'படம்', 'பாடம்' என ஓரிடத்தில் மட்டும் வேறுபடும் இரு சொற்களை அருகருகே வைத்து ஒலியன்களைப் பிரித்தறியும் மொழியியலாளரின் முறையே இது.

4. 'நீ யார்?' என்று கேட்கும் பலகை

மேற்சொன்ன அட்டவணை ஏசிபிஐ என்னும் தரத்தின் பகுதி. இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய மூன்றும் சேர்ந்து 1996இல் அதை வெளியிட்டன. ஒரு மதர்போர்டில் என்னென்ன உள்ளன, அவற்றை எப்படி இயக்குவது என்பதைத் தனி மொழியொன்றில் விவரித்து, எந்த இயங்குதளமும் படிக்குமாறு தருவது அதன் நோக்கம். நடைமுறையில் அவ்விவரிப்பு ஒரே ஒரு வாசகரை எண்ணியே எழுதப்பட்டது. தொடங்கும்போது அட்டவணை இயங்குதளத்தை நோக்கி 'நீ இன்ன விண்டோஸா?' என்று கேட்கும். ஆம் என்றால் எல்லா உறுப்புகளும் விழிக்கும். இல்லையென்றால் சில தூங்கியே கிடக்கும். மேக் 'டார்வின்' என்னும் பெயருக்கே தலையாட்டும். ஆகவே மடிக்கணினிகளின் தொடுபலகை போன்றவை செயலிழந்தன. ஹாக்கின்டோஷ் செய்தோர் அக்கேள்வியை இடைமறித்து, 'விண்டோஸ்தான்' என்று விடைவரச் செய்தனர். லினக்ஸ் கெர்னலும் இதே கேள்விக்கு விண்டோஸ் என்றே விடையளிக்கிறது என்பது நினைவிற்கொள்ளத்தக்கது. பொதுமொழி என்று அறிவிக்கப்பட்ட ஒன்றில், பெரும்பான்மையின் பெயரைச் சொல்லாதவர்க்கு முழுமையான விடை கிடைக்கவில்லை. ஏசிபிஐயின் வரலாற்றை மொழிக்கொள்கை பயில்வோரும் படிக்கலாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

5. 'லேபிள்' என்றால் என்ன?

தொழில்நுட்பம் தடுக்க முடியாததைச் சட்டம் தடுத்தது. லெப்பர்ட் பதிப்பின் உரிம ஒப்பந்தம், 'ஆப்பிள் லேபிளிட்ட' கணினியில் மட்டுமே நிறுவலாம் என்றது. ஓர் ஒட்டுப்படத்தை வாங்கி ஒட்டினால் லேபிளிட்டதாகாதா என்று கேலி எழுந்தது. அடுத்த பதிப்பில் 'லேபிள்' போய் 'பிராண்ட்' வந்தது. 2006 ஏப்ரலிலேயே, மேக்கில் விண்டோஸை நிறுவ பூட் கேம்ப் என்னும் வழியை ஆப்பிளே திறந்துவிட்டிருந்தது. கதவு ஒரு பக்கமாக மட்டும் திறந்தது.

2008 ஏப்ரலில் ஃபுளோரிடாவின் சைஸ்டார் நிறுவனம் மேக் இயங்குதளம் பதித்த பிசிகளை 399 டாலர் முதல் விற்க முன்வந்தது. ஜூலையில் ஆப்பிள் வழக்குத் தொடுத்தது. 2009 நவம்பரில் நீதிபதி வில்லியம் ஆல்சப் ஆப்பிளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். டிசம்பரில் நிரந்தரத் தடை வந்தது. 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பதிப்புரிமை மீறல், பூட்டை மீறியமை ஆகிய இரண்டும் நிறுவப்பட்டன. விற்றவர் தண்டிக்கப்பட்டார், வீட்டில் தனக்கெனச் செய்துகொண்டோர் ஒப்பந்தத்தை மீறியவராகவே இருந்தும், பெரும்பாலும் கண்டுகொள்ளப்படவில்லை. இவ்வரலாற்றின் பெயர்கள் பெரும்பாலும் புனைபெயர்களாக இருப்பதற்கு இந்த இடைநிலையே காரணம்.

6. எது அழிகிறது?

இந்தியாவில் இதற்குத் தனிப்பொருள் உண்டு. தில்லியின் நேரு பிளேஸ், மும்பையின் லாமிங்டன் சாலை, பெங்களூரின் எஸ்.பி. சாலை, சென்னையின் ரிச்சி தெரு ஆகியவற்றில் உதிரிபாகங்கள் வாங்கிக் கணினியைப் பூட்டிக்கொள்வது இங்கு இயல்பான வழக்கம். ஆப்பிளோ தன் முதல் நேரடி விற்பனையகத்தை 2023 ஏப்ரலில்தான் மும்பையில் திறந்தது. இத்தகைய நாட்டில், வாங்கிய பெட்டியில் எதை ஓட்டுவது என்பதை வாங்கியவரே முடிவுசெய்யலாமா என்னும் கேள்வி வெறும் பொழுதுபோக்கன்று.

2020 ஜூன் 22 அன்று சொந்தச் சில்லுகளுக்கு மாறுவதாக ஆப்பிள் அறிவித்தது. செயலி முதல் ஃபர்ம்வேர்வரை ஒரே கையில் இருக்கும்போது, கடையில் வாங்கும் மதர்போர்டுக்கு அங்கு இடமில்லை. ஆயினும் இந்த அறிவு வீணாகவில்லை. ஓப்பன்கோரை அடிப்படையாகக் கொண்ட லெகசி பேட்சர், ஆப்பிளே கைவிட்ட பழைய மேக்குகளில் புதிய பதிப்புகளை ஓட்டுகிறது. போலி மேக்குக்காகக் கற்றவை உண்மையான மேக்கைக் குப்பையிலிருந்து காக்கின்றன.

ஆனால் அறிவின் பதிவுகள் மறைந்துவருகின்றன. பிழைச்செய்தியைப் படமெடுத்து ஏற்றிய பக்கங்களில் படம் இல்லை. தீர்வுக்கான இணைப்புகள் எங்கும் இட்டுச்செல்வதில்லை. எழுதியவரின் புனைபெயருக்குப் பின்னால் யாரென்று கேட்க வழியில்லை. ஏற்றிகளின் மூலநிரல் எஞ்சும். அந்த 4 ஏன் 2 ஆயிற்று என்னும் உரை எஞ்சுமா என்பதே ஐயம். மூலம் இருந்து உரை அழிந்தால் என்னாகும் என்பதைத் தமிழ் படித்தோருக்கு விளக்கவேண்டியதில்லை.

எனவே மாணவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களிடம் அக்காலத்துப் பழைய வன்வட்டுகள், கைக்குறிப்புகள், திருத்திய அட்டவணைக் கோப்புகள் இருந்தால் அழித்துவிடாதீர்கள். எந்த மதர்போர்டு, எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு, என்ன பிழை, எதை மாற்றியதும் சரியாயிற்று என்னும் ஐந்து விவரங்களை ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். ஆய்வாளருக்கு அது போதும்.