உப்பள்ளிய குற்றம்

பழவேற்காட்டு ஏரியில் கோடை முற்றி நீர் வற்றும்போது கரைச்சேற்றில் உப்புப் பூக்கும். திருப்பாலைவனத்தை அடுத்த ஏரிக்கரைக் குப்பங்களிலோ கருவாட்டுக்கு உப்பின்றி முடியாது. யாரும் பாத்தி கட்டாமல் அல்லாஹ் விளைவித்த அந்த உப்பை ஒரு கூடை அள்ளியவரும் ஒரு காலத்தில் குற்றவாளி ஆனார் என்பதை இன்றைய இளைஞர்கள் அறிந்திருக்க மாட்டார்கள்.

1805-இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்து உப்பைத் தன் ஏகபோகமாக்கிக் கொண்டது. பின்னர் வந்த 1889-ஆம் ஆண்டின் சென்னை உப்புச் சட்டம், அனுமதியின்றி உப்பு எடுப்பதைத் தண்டனைக்குரியதாக்கியது. அப்போது ஏறத்தாழ 37 கிலோ கொண்ட ஒரு மணங்குக்கு வரி இரண்டரை ரூபாய். தானே விளைந்த உப்பை மண்ணோடு கலந்து அழிப்பதும் உப்பு இலாகாச் சிப்பந்திகளின் கடமையாயிருந்தது! மீன் பதனிடும் சர்க்கார் கூடங்களில் வரியில்லா உப்புக் கிடைத்ததென்னவோ உண்மை. ஆனால் மீனை அங்கே கொண்டுபோய்த்தான் உப்பிட வேண்டும்.

இவ்விடத்தில் நமக்கொரு நபிவழிச் செய்தி நினைவுக்கு வருகிறது. யமன் நாட்டு மஃரிபிலிருந்த உப்புச் சுரங்கத்தை அப்யள் இப்னு ஹம்மால் (ரலி) அவர்கள் கேட்க, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழங்கினார்கள். அது வற்றாத ஊற்றுநீர் போன்றதென்று பிறர் எடுத்துரைத்ததும், அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது.

1930-இல் காந்தியடிகள் தண்டியில் உப்பள்ளினார். அவர் கைதானதும் தராசனா அறப்போருக்குத் தலைமையேற்றவர் 76 வயது நிரம்பிய அப்பாஸ் தயாப்ஜி. பரோடா உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாயிருந்து ஓய்வுபெற்றவர்! எத்தனையோ பேருக்குத் தீர்ப்பு வழங்கிய அப்பெரியவர், உப்புக்காகச் சிறை புகுந்தார். சட்டப்புத்தகத்தில் சிறியதென எழுதப்பட்ட குற்றம் எவ்வளவு பெரிய கேள்வியை உள்ளடக்கியது என்பதை அவரைவிட நன்கறிந்தவர் யார்?

1931 மார்ச் 5-ஆம் நாள் காந்தி - இர்வின் ஒப்பந்தம் ஏற்பட்டது. உப்பு விளையும் இடங்களை அடுத்த ஊரார், தம் வீட்டுக்கும் தம் ஊருக்குள் விற்பதற்கும் உப்பெடுக்கலாம் என்றாயிற்று. அதே ஒப்பந்தத்தில் நாம் கவனிக்கத் தவறும் ஒரு விதி உண்டு. சட்டமறுப்பு வழக்குகளில் செலுத்தப்படாத அபராதங்கள் தள்ளுபடியாயின. செலுத்தப்பட்டவை திருப்பித் தரப்படவில்லை. முந்திக் கட்டியவருக்கே நஷ்டம். உப்பு வரியோ 1947-இல்தான் ஒழிந்தது.

அந்த விதியை நாம் எடுத்துக்காட்டுவதற்குக் காரணம் உண்டு. “சின்ன கேஸ்தானே, ஒப்புக்கொண்டு அபராதத்தைக் கட்டிவிட்டு வா” என்று சொல்லும் பெரியவர்கள் நம் வீடுகளில் இன்றும் இருக்கிறார்கள். ஒருநாள் கூலியை இழக்க முடியாதவனுக்கு அது எளிய வழியாகவே தோன்றும். எனினும் மாஜிஸ்திரேட் முன் குற்றத்தை ஒப்புக்கொண்டால் அது தண்டனைத் தீர்ப்பாகவே பதிவாகும். பிறகு மேல்முறையீட்டில், தண்டனையின் அளவையும் அதன் சட்டப் பொருத்தத்தையும் தவிர வேறெதையும் எழுப்ப முடியாது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டம் சில சிறு குற்றங்களுக்குச் சமூக சேவையையும் ஒரு தண்டனையாக வைத்திருக்கிறது, அதுவும் தண்டனையே.

ஒப்புக்கொள்ளும் முன் வக்கீல் ஒருவரைக் கேட்பதற்குப் பணம் வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, காவலில் இருப்பவருக்கும், பெண்களுக்கும், வருமானம் குறைந்தோருக்கும் இலவச வக்கீல் உண்டு. அதற்கான விண்ணப்பத்தை வட்டச் சட்டப்பணிகள் குழுவிடம் கொடுக்கலாம்.